பதில் வராத போஸ்டும் வயலில் நின்ற இரண்டு மிஷினும்

மன்னார்குடியிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், சாரத்தை மட்டும் தருகிறேன்:

"அக்கா, நாங்கள் மூன்று பேர் சேர்ந்து நெல் அறுவடை மிஷின் முன்பதிவுக்கு ஒரு ஏபிஐ (மற்ற ஆப்கள் எங்கள் சர்வரிடம் வேலை கேட்கும் வாசல்) நடத்துகிறோம். எங்களுக்கென்று ஆப் கிடையாது, மூன்று வெளி ஆப்கள் எங்கள் ஏபிஐயைக் கூப்பிடுகின்றன. போன தை மாதம் ஒரே வயலுக்கு இரண்டு மிஷின் போய் நின்றது. ஒரு முறை இல்லை, ஏழெட்டு முறை. ஆப்காரர்கள் உங்கள் ஏபிஐ சரியில்லை என்கிறார்கள், எங்கள் லாகில் (சர்வரின் நடப்புக் குறிப்பில்) பார்த்தால் எல்லாமே 200, அதாவது 'வெற்றி'. பதிவைப் போட்டு, மிஷின்காரருக்கு எஸ்எம்எஸ்ஸும் அனுப்பி முடித்த பிறகுதான் பதில் தருகிறோம், அதனால் எதுவும் விட்டுப்போக வழியே இல்லை. இன்னொரு தொல்லை, ஒரு ஃபீல்டு (தகவல் கட்டம்) பெயரை மாற்றினால் போதும், சண்டைக்கு வருகிறார்கள். எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு கிராஃப்கியூஎல்லில் இரண்டாம் வெர்ஷன் எழுதலாமா? மாதிரி ரெக்வெஸ்ட் ஒன்றை இணைத்திருக்கிறேன்."

எழுத வேண்டாம் தம்பி. கிராஃப்கியூஎல், அதாவது ஏபிஐயிடம் தகவல் கேட்கும் மொழி, 2015-இல் ஃபேஸ்புக் வெளியிட்ட நல்ல சாதனம்தான், ஆனால் அதிலும் பதிவு போடுகிற வேலை பெரும்பாலும் ஒரு போஸ்ட் ரெக்வெஸ்டாகத்தான் (சர்வருக்குத் தகவல் அனுப்பி 'இதைச் செய்' என்று கேட்கும் கோரிக்கை) போகும், அந்தப் போஸ்டுக்குப் பதில் வராமல் போனால் இதே இரண்டு மிஷின் இதே வரப்பில் வந்து நிற்கும். நோய் வேறு இடத்தில் இருக்கிறது, அதை நீங்களே உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள்: எஸ்எம்எஸ் போன பிறகுதான் பதில் தருகிறோம் என்று.

கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். ஒரு விவசாயி வயலுக்கு நடுவில் நிற்கிறார், போனில் ஒற்றைக் கோடு சிக்னல். பட்டனைத் தட்டுகிறார். ரெக்வெஸ்ட் உங்கள் சர்வருக்கு வந்துவிட்டது, டேட்டாபேஸில் பதிவும் ஏறிவிட்டது, இப்போது நீங்கள் எஸ்எம்எஸ் அனுப்பும் நிறுவனத்தின் சர்வரைக் கூப்பிட்டுவிட்டு அது எப்போது பதில் சொல்லும் என்று காத்திருக்கிறீர்கள். அறுவடை நேரத்தில் அந்தப் பக்கமும் திணறும், பதினைந்து விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆனால் ஆப் பத்து விநாடிதான் பொறுக்கும். அது டைம்அவுட் என்று முடிவு கட்டி, 'தோல்வி, மீண்டும் முயல்க' என்று காட்டுகிறது, இல்லையென்றால் அவரைக் கேட்காமலே இன்னொரு தடவை அனுப்பிவிடுகிறது. உங்கள் சர்வருக்கு இரண்டாவது ரெக்வெஸ்ட் புதிய ஆள் மாதிரி தெரிகிறது. இரண்டு பதிவு, இரண்டு எஸ்எம்எஸ், லாகில் இரண்டு 200. நீங்கள் சொல்வதும் உண்மை, அவர்கள் சொல்வதும் உண்மை.

பதில் வராத ஆளுக்கு மூன்றில் எது நடந்தது என்று தெரியாது. ரெக்வெஸ்டே போய்ச் சேரவில்லையா, சேர்ந்து உள்ளே தோற்றதா, வேலை முடிந்து பதில் மட்டும் வழியில் தொலைந்ததா. வெளியிலிருந்து பார்க்க மூன்றும் ஒன்றுதான். நம்பகமான ஏபிஐ என்று நான் சொல்வேனென்றால், இந்தத் தெரியாமையை அபூர்வமான விபத்தாக எண்ணாமல் தினசரி நடப்பாக எடுத்துக்கொண்டு கட்டியதைத்தான் சொல்வேன். சர்வர் ஒருபோதும் விழாது என்கிற பெருமையெல்லாம் அதற்கு அப்புறம்.

ஆப்பும் சர்வரும் பேசிக்கொள்ளும் விதியான எச்டிடிபியின் தரநிலையே (இப்போது நடப்பில் இருப்பது 2022-இல் வந்த ஆர்எஃப்சி 9110 என்ற ஆவணம்) இதைப் பற்றிப் பேசுகிறது. கெட், புட், டெலீட் (எடு, வை, நீக்கு என்னும் ரெக்வெஸ்ட் வகைகள்) மூன்றும் ஐடெம்பொட்டென்ட், அதாவது ஒரு தடவை அனுப்பினாலும் ஐந்து தடவை அனுப்பினாலும் சர்வரில் விளைவு ஒன்றுதான். போஸ்டுக்கு அந்த உறுதி கிடையாது, அதை நாம்தான் செய்து தர வேண்டும். கொள்முதல் நிலையத்தில் டோக்கன் வாங்கிவிட்டுப் போய் பத்து முறை "என் நம்பர் என்னாச்சு" என்று கேட்டாலும் நெல்லைப் பத்து முறை எடை போட மாட்டார்கள் இல்லையா, அதே டோக்கன்தான் இங்கேயும் தேவை. ஸ்ட்ரைப் மாதிரி பணம் கையாளும் ஏபிஐக்களில் இதை ஐடெம்பொட்டென்சி கீ என்ற ஹெடரில் (ரெக்வெஸ்டின் தலைப்பு வரியில்) வாங்குகிறார்கள்.

செய்வது எளிது, தப்பாகச் செய்வது அதைவிட எளிது. நான் பார்த்த தப்புகளைச் சொல்கிறேன். முதலாவது, கீயை எப்போது உருவாக்குவது. ரெக்வெஸ்ட் கிளம்பும் இடத்தில் புதுசாக ஒன்று போட்டால் ஒவ்வொரு ரீட்ரைக்கும் (மறுமுயற்சிக்கும்) ஒரு புதுக் கீ வரும், நீங்கள் செய்த அத்தனையும் வீண். விவசாயி 'உறுதி செய்க' திரையைத் திறக்கும்போதே ஒரு யுயுஐடி (வேறெதோடும் மோதாத நீள அடையாள எண்) உருவாக்கி, அதைப் போனிலேயே சேமித்துவிட்டு, ஆப் மூடித் திறந்தாலும் அதையே அனுப்ப வேண்டும். இது ஆப்காரர்கள் செய்ய வேண்டிய வேலை, அதனால் உங்கள் டாக்குமெண்டில் முதல் உதாரணத்திலேயே இது இருக்கட்டும், கீ இல்லாமல் வந்த பதிவை 400 ('உன் ரெக்வெஸ்ட் தப்பு') சொல்லித் திருப்பி அனுப்புங்கள். விருப்பம் என்று விட்டால் யாரும் அனுப்ப மாட்டார்கள், நானும் அனுப்ப மாட்டேன்.

இரண்டாவது, சர்வர் பக்கம். "இந்தக் கீ ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் பார், இல்லையென்றால் எழுது" என்று கோடு எழுதினீர்களானால், ஒரே நொடியில் வரும் இரண்டு ரெக்வெஸ்டும் பார்த்து, இரண்டும் இல்லை என்று கண்டு, இரண்டும் எழுதும். பார்க்காதீர்கள், நேராக எழுதுங்கள். கீ இருக்கும் நெடுவரிசைக்கு யூனிக் கட்டுப்பாடு (ஒரே மதிப்பு இரண்டு தடவை வரக் கூடாது என்ற விதி) போட்டு, பதிவும் கீயும் ஒரே டிரான்சாக்ஷனுக்குள் (எல்லாம் ஏறும், இல்லையென்றால் எதுவும் ஏறாது) போகட்டும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் என்றால் இரண்டாவது இன்சர்ட் (எழுதுதல்) முதலாவது முடியும்வரை காத்து நின்று, அது கமிட் ஆனதும் (உறுதியானதும்) மோதும். மோதினால் சேமித்து வைத்த பழைய பதிலை அப்படியே எடுத்துத் திருப்பிக் கொடுங்கள். முதலாவது பாதியில் தோற்று ரோல்பேக் ஆனால் (எழுதியது அழிந்தால்) கீயும் கூடவே போய்விடும், அடுத்த முயற்சி சுத்தமாகத் தொடங்கும். அதே கீ, ஆனால் உள்ளே வேறு வயல், வேறு தேதி என்று வந்தால் அது ஆப்பில் உள்ள பிழை, 422 ('புரிகிறது, ஏற்க முடியாது') கொடுத்துவிடுங்கள். சத்தமில்லாமல் பழைய பதிலைக் கொடுத்தால் அந்த விவசாயி தனக்கு மிஷின் வருகிறது என்று நம்பி உட்கார்ந்திருப்பார்.

எத்தனை நாள் வைத்திருப்பது? ஸ்ட்ரைப் குறைந்தது 24 மணி நேரம் வைக்கிறது. உங்களுக்கு நான் சொல்வது அறுவடை முடியும்வரை. உங்கள் அளவுக்கு அது சின்ன டேபிள், இடத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்.

இதைப் படித்ததும் உங்களுக்கு ஒரு குறுக்கு வழி தோன்றும்: சர்வே எண்ணும் தேதியும் சேர்ந்து ஒரு தடவைதான் வரலாம் என்று யூனிக் போட்டுவிட்டால் கீயே வேண்டாமே என்று. ஆசைப்படாதீர்கள். ஒரே சர்வே எண்ணில் உட்பிரிவு போட்டு அண்ணன் பாதி தம்பி பாதி வைத்திருப்பார்கள், இருவரும் ஒரே நாளில் அறுக்கத்தான் நினைப்பார்கள், மிஷின் வந்த கையோடு முடிப்பதுதானே லாபம். அந்தச் சோதனையை எச்சரிக்கையாக வைத்துக்கொள்ளலாம், தடுப்பாக வைக்கக் கூடாது.

அப்புறம் அந்த எஸ்எம்எஸ். அதைப் பதிவு ரெக்வெஸ்டுக்குள்ளிருந்து வெளியே எடுங்கள், இதுதான் முதலில். பதிவு ஏறும் அதே டிரான்சாக்ஷனில் 'அனுப்ப வேண்டியவை' என்று ஒரு டேபிளில் ஒரு வரி எழுதுங்கள், உடனே 201 ('பதிவு உருவானது') கொடுத்து ஆளை அனுப்புங்கள், பின்னால் ஒரு சின்ன புரோகிராம் அந்த டேபிளைப் பார்த்துப் பார்த்து எஸ்எம்எஸ் அனுப்பட்டும். அது இரண்டு நிமிடம் தாமதித்தாலும் மிஷின்காரருக்கு ஒன்றும் ஆகாது. உங்கள் ஏபிஐயின் வேகம் இன்னொருவர் சர்வரின் வேகத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பதுதான் இப்போதைய நிலைமை.

லாகில் எல்லாமே 200 என்று எழுதியபோது நான் முதலில் சந்தோஷப்பட்டேன், மாதிரியைத் திறந்த பிறகுதான் தெரிந்தது, தோல்விக்கும் நீங்கள் 200 கொடுத்து உள்ளே ஜேசன் என்ற தகவல் வடிவத்தில் 'ஸ்டேட்டஸ்: ஃபெயில்டு' என்று வைக்கிறீர்கள். இதை நம் ஊரில் நிறையப் பேர் செய்கிறார்கள், எங்கிருந்து தொற்றியதோ. நடுவில் இருக்கும் லைப்ரரி, ப்ராக்ஸி, கண்காணிப்புக் கருவி எல்லாம் எண்ணைத்தான் பார்க்கும், உள்ளே எழுதியிருக்கும் கதையைப் படிக்காது. 4-இல் தொடங்கினால் உன் பக்கம் தப்பு, அப்படியே திரும்ப அனுப்பிப் பயனில்லை. 5-இல் தொடங்கினால் என் பக்கம் தப்பு, சற்றுப் பொறுத்து அனுப்பு. இந்த ஒரு வேறுபாடு சரியாக இருந்தாலே ஆப்காரரின் ரீட்ரை கோடு பாதி எழுதி முடித்த மாதிரி. விதிவிலக்கு 429, அதிகமாகக் கேட்கிறாய் என்பதற்கு. அதோடும் 'இப்போது முடியாது' என்னும் 503-ஓடும் ரீட்ரை-ஆஃப்டர் ஹெடரில் எத்தனை விநாடி கழித்து வரலாம் என்று சொல்லிவிடுங்கள்.

பிழைச் செய்தி 'இன்வேலிட் இன்புட்' என்று மட்டும் இருக்கிறது. இரவு பதினோரு மணிக்கு இன்னொரு ஊரில் உட்கார்ந்து அதைப் பார்க்கும் பையனுக்கு அது வசவு மாதிரி. எந்த ஃபீல்டு, என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும், இவ்வளவும் சொல்லுங்கள். அதற்கும் ஒரு பொது வடிவம் இருக்கிறது, 2016-இல் ஆர்எஃப்சி 7807 என்று வந்து 2023-இல் 9457 ஆகப் புதுப்பிக்கப்பட்டது, ஐந்து ஃபீல்டுதான், அதை எடுத்துக்கொண்டால் நீங்களாக ஒன்று யோசிக்க வேண்டாம். கூடவே ஒவ்வொரு பதிலிலும் ஒரு ரெக்வெஸ்ட் எண் கொடுங்கள், போனில் அதை அவர் வாசித்தால் உங்கள் லாகில் நேராக அந்த வரிக்குப் போக வேண்டும். "நேற்றுச் சாயங்காலம் ஒன்று வேலை செய்யவில்லை சார்" என்பதிலிருந்து விடுதலை.

சரி, உங்கள் மாதிரி ரெக்வெஸ்ட். மூன்று ஃபீல்டைப் பார்த்து நான் கொஞ்ச நேரம் சிரித்தேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

'பரப்பு: 3' என்று இருக்கிறது. மூன்று என்ன? மன்னார்குடிக்காரருக்கு நிலம் என்றாலே மா, குழி, வேலி. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி, ஒரு மா என்பது முப்பத்து மூன்று சென்ட் சுமார். மூன்று மா கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். அதே 3-ஐ சென்னையில் உட்கார்ந்து ஆப் எழுதியவர் மூன்று ஏக்கர் என்றுதான் படித்திருப்பார். மிஷினுக்கு ஏக்கருக்கு ஒரு மணி நேரம் முன்பின் ஆகும் என்று கணக்குப் போட்டு நேரம் ஒதுக்குகிறீர்கள் அல்லவா, அங்கே இரண்டு மணி நேரம் காணாமல் போகிறது அல்லது முளைக்கிறது. 'ஒருவர் சொன்ன நேரத்துக்கு வரவில்லை' என்று வந்த புகார்களில் எத்தனை இதனால் என்று எடுத்துப் பாருங்கள். அலகை ஃபீல்டின் பெயரிலேயே வையுங்கள், 'பரப்பு சென்ட்டில்' என்று, முழு எண்ணாக. ஏக்கரைத் தசமத்தில் வாங்கினால் 0.33 என்பார் ஒருவர், 0.333 என்பார் இன்னொருவர். விவசாயிக்கு மாவில் காட்டுவது ஆப்பின் வேலை, ஏபிஐயில் போவது சென்ட்டாகவே இருக்கட்டும்.

'தேதி: 05-02-2025'. நமக்கு இது பிப்ரவரி ஐந்து, சில லைப்ரரிகளுக்கு மே இரண்டு. வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் 2025-02-05 என்று எழுதினால் யாருக்கும் குழப்பமில்லை. ஆனால் இதில் ஒரு பள்ளம் இருக்கிறது, நானே விழுந்தது. பதிவு நடந்த கணம் வேறு, அறுவடை நாள் வேறு. கணத்தை நேர மண்டலத்தோடு எழுத வேண்டும், நமக்கு +05:30. அறுவடை நாளோ வெறும் நாள், அதற்கு மணி கிடையாது. அதையும் ஆர்வக்கோளாறில் நள்ளிரவு பன்னிரண்டு மணி என்று வைத்து யுடிசிக்கு (உலகப் பொது நேரத்துக்கு) மாற்றினால் அது முந்தைய நாள் மாலை 6:30 ஆகிவிடும், எங்கோ ஒரு ஆப் அதன் நாள் பகுதியை மட்டும் வெட்டிக் காட்டும், மிஷின் ஒரு நாள் முன்னால் வந்து நிற்கும். முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு வாரம் இதைத் தேடினேன்.

மூன்றாவது, 'ஊர்: கொரடாச்சேரி'. இது தமிழில் எழுதுகிற நமக்கு வரும் வம்பு. கண்ணுக்கு ஆறு எழுத்து, யூனிகோடு என்ற எழுத்து எண்முறையில் பதினொரு குறியீடு, அதைச் சேமிக்கும் யுடிஎஃப்-8-இல் 33 பைட். சில டேட்டாபேஸ்கள் நெடுவரிசையின் நீளத்தைப் பைட்டில் எண்ணும், அங்கே 20 என்று வைத்திருந்தால் ஊர் பாதியில் அறுபடும், இல்லையென்றால் பதிவே ஏறாது. அதைவிட மோசம், 'கொ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம்: க-வோடு ஒரே ஒகரக் குறி, அல்லது க-வோடு கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் ஒன்று போலவே தெரியும், தேடினால் சேராது. ஒரு ஆப் ஒரு மாதிரி, இன்னொன்று வேறு மாதிரி அனுப்பினால் உங்களிடம் இரண்டு கொரடாச்சேரி இருக்கும். உள்ளே வரும் எல்லாத் தமிழையும் வாசலிலேயே என்எஃப்சி (ஒரே எழுத்தை எப்போதும் ஒரே விதமாக எழுதும்) வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள், ஒரு வரி கோடு. அதோடு ஊருக்கு அடையாளமாகப் பெயரை வைக்காதீர்கள், ஒரே பெயரில் நம் பக்கம் எத்தனை ஊர். ஒன்றிய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் உள்ளாட்சி விவரத்தொகுப்பில் (எல்ஜிடி என்பார்கள்) ஒவ்வொரு கிராமத்துக்கும் எண் இருக்கிறது, அதை வாங்குங்கள், பெயர் காட்டுவதற்கு மட்டும்.

இப்போது ஃபீல்டு பெயரை மாற்றும் சண்டை. இதில் நான் ஆப்காரர்கள் கட்சி. புதிதாக ஒன்றைச் சேர்ப்பது உங்கள் உரிமை. இருப்பதை எடுப்பதும், பெயர் மாற்றுவதும், பெயரை வைத்துக்கொண்டு அர்த்தத்தை மாற்றுவதும் இன்னொருவர் வீட்டுச் சுவரை இடிப்பது. மூன்றில் கடைசிதான் கொடுமை, ஏனென்றால் எதுவும் உடையாது, எண் மட்டும் தப்பாக வரும். எனவே 'பரப்பு' ஃபீல்டைத் தொடாதீர்கள், அது பாட்டுக்கு இருக்கட்டும், பக்கத்தில் சென்ட் ஃபீல்டைச் சேருங்கள், இரண்டும் கொஞ்ச காலம் ஓடட்டும், பழையதை யார் இன்னும் அனுப்புகிறார்கள் என்று லாகில் எண்ணுங்கள். எடுக்கப் போகும் தேதியைச் சொல்ல சன்செட் என்றே ஒரு ஹெடர் இருக்கிறது, 2019-இன் ஆர்எஃப்சி 8594. ஆனால் உங்களுக்கு இருப்பது மூன்றே வாடிக்கையாளர், ஹெடரைவிட போன் நல்லது. எடுப்பதையும் சித்திரை வைகாசியில் வையுங்கள், உளுந்து பயறெல்லாம் வீட்டுக்கு வந்து வயல் காய்ந்து கிடக்கும் நேரம். தை மாசியில் ஒரு எழுத்தையும் மாற்றாதீர்கள், உங்கள் கூட்டாளி எவ்வளவு அவசரப்படுத்தினாலும். இப்படி நடந்தால் இரண்டாம் வெர்ஷனே உங்களுக்கு வெகுகாலம் தேவைப்படாது.

ரீட்ரை பற்றி ஒன்று பாக்கி. கீ வந்துவிட்டதால் ஆப்கள் இனி தைரியமாகத் திரும்பத் திரும்ப அனுப்பும், அதிலும் ஆபத்து உண்டு. ஒரு நிறுவனத்தில் இருந்தபோது சர்வர் ஐந்து நிமிடம் விழுந்தது, எழுப்பினோம், உடனே மறுபடி விழுந்தது, எழுப்பினோம், விழுந்தது. எல்லா ஆப்பும் விநாடிக்கு ஒரு தடவை ஒரே தாளத்தில் தட்டிக்கொண்டிருந்தது. இடைவெளி ஒவ்வொரு தோல்விக்கும் இரட்டிப்பாக வேண்டும், அதோடு கொஞ்சம் ஏறுமாறாகவும் இருக்க வேண்டும், இல்லையென்றால் கூட்டம் தள்ளிப்போய் மறுபடி கூட்டமாகவே வரும். டாக்குமெண்டில் இதை எழுதுங்கள், ஆனால் எல்லாரும் கேட்பார்கள் என்று நம்பாதீர்கள். ஒவ்வொரு ஆப்புக்கும் தனித்தனியாக வரம்பு போடுங்கள். தலைமடைக்காரர் ஷட்டரைத் திறந்தே வைத்தால் கடைமடைக்கு என்ன வந்து சேரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை; இரவெல்லாம் மொத்தப் பட்டியலையும் இழுத்து இறக்கும் ஒரு ஆப்புக்காக மற்ற இரண்டும் காயக் கூடாது.

டாக்குமெண்டைச் சோதிக்க ஒரே வழி: இந்தப் பக்கமே எட்டிப் பார்க்காத, இப்போதுதான் படிப்பை முடித்த ஒருவரிடம் லேப்டாப்பைக் கொடுத்து, "இதைப் படித்து ஒரு பதிவு போடு" என்று சொல்லிவிட்டுப் பின்னால் வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். வாயை மூடிக்கொள்வதுதான் கஷ்டம். அவர் எங்கே நிற்கிறாரோ அங்கே எழுத வேண்டியது பாக்கி. அதற்குப் பொய்ப் பதிவு போட்டுப் பார்க்க ஒரு தனிச் சோதனை சர்வரும் வேண்டும், உண்மையான மிஷின்காரருக்கு எஸ்எம்எஸ் போகாத சர்வர்.

இதையெல்லாம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். இரட்டைப் பதிவான அந்த ஏழெட்டையும் எடுத்து, ஒவ்வொரு ஜோடிக்கும் இடையில் எத்தனை விநாடி என்று பாருங்கள். பத்து, இருபது, முப்பது என்று ஆப்பின் டைம்அவுட்டை ஒட்டி வந்தால் நான் சொன்னதுதான் காரணம். மூன்று மணி நேரம், ஒரு நாள் என்று இருந்தால், காலையில் அப்பா ஒரு ஆப்பிலும் சாயங்காலம் மகன் இன்னொரு ஆப்பிலும் பதிந்திருப்பார்கள், அதற்கு நீங்கள் பேச வேண்டியது வீட்டில் உள்ளவர்களிடம். எண்களை எழுதி அனுப்புங்கள், நானும் பார்க்கிறேன்.